நகர வாசமும் ஜன ஆரோக்கியமும்

ஒருவன் நோய்வாய்ப்பட்டால் வைத்தியரிடம் போகிறான். வைத்தியர் நாடி பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். நேற்று என்ன உண்டாய் என்று விசாரிக்கிறார். எந்தத் தெருவில் வசிக்கிறாய், உன் வீட்டுக்கு ஜன்னல் எத்தனை, குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, இரவில் உன் கூரை குளிர்கிறதா என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் அவற்றுக்கு மருந்து எழுதிக் கொடுக்க அவரால் இயலாது. அம்மருந்தை எழுத வேண்டியவர்கள் நகர சபையார். எழுதும்படி செய்ய வேண்டியவர்கள் ஜனங்கள். நகரத்தில் வாழ்வோரின் தேக ஆரோக்கியத்தில் பெரும்பகுதி நிலத்திலும் நீரிலும் காற்றிலும் வீட்டிலும் நிர்ணயமாகிவிடுகிறது; ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவது அதன் மிச்சமே. ஆகையால் அது வைத்திய விஷயமாவதற்கு முன்பே ராஜீய விஷயமாகும். இதைச் சென்னைப் பட்டணத்தை முன்னிட்டுச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

நகரம் என்றாலே நோய், கிராமம் என்றாலே சுகம் என்று பேசுவோர் உண்டு. அவர்களுடைய கட்சியை நாம் ஏற்கவில்லை. கிராமத்தில் ஜாதிக் கொடுமையும் வேலையின்மையும் தாங்காமல் நகரத்துக்கு ஓடி வந்து மனிதராய்த் தலை நிமிர்ந்தவர்கள் லட்சக்கணக்கானோர். பள்ளிக்கூடமும் பெரிய ஆஸ்பத்திரியும் பிரசவத்துக்குத் தக்க உதவியும் நகரத்தில்தான் கிட்டத்தில் இருக்கின்றன. நகரம் கொடுக்கும் நன்மை மெய்யானது. அந்த நன்மை யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, அதற்குப் பிரதியாக யாருடைய சரீரம் விலையாகிறது என்பதே கேள்வி.

பொதுநீர் கற்பித்த பாடம்

1854-ம் வருஷம் லண்டன் மாநகரில் ஸோஹோ என்னும் பகுதியில் காலரா கண்டது. ஜான் ஸ்நோ என்ற வைத்தியர், மாண்டவர்கள் எந்தெந்த வீட்டில் இருந்தார்கள் என்று ஒரு படத்தில் குறித்துப் பார்த்தார். குறிகளெல்லாம் பிராட் வீதியிலிருந்த ஒரு கைப்பம்பைச் சுற்றிக் குவிந்து நின்றன. அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றும்படி செய்தார். காலராவின் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ந்து உறுதிப்படுத்தியது 1884-ல்தான். கிருமியின் ரூபம் உலகுக்குத் தெளிவாவதற்கு முப்பது வருஷம் முன்பே, தெருவையும் நீரையும் பார்த்தே நோயின் வழியை ஒருவர் கண்டுவிட்டார்.

நமது பட்டணத்தின் சரித்திரமும் இதையே கூறுகிறது. 1772-ல் ஏழுகிணற்றிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகப்பட்டது. ஊராருக்கென்று பெரிய அளவில் ஏற்பாடு செய்ய அதற்குப் பிறகு நூறு வருஷம் ஆயிற்று. 1872-ல் செங்குன்றத்து ஏரிநீர் வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அந்த நீரை மணற்படுகைகளில் வடிகட்டி விநியோகிக்கும் நிலையம் 1914-ல்தான் ஏற்பட்டது. பின்னர் ஜனத்தொகை பெருகி அந்நீரும் போதாமற்போன காலத்தில், 1939-ல் மேயராக வந்த ஸ்ரீ சத்தியமூர்த்தி, பூண்டியில் கொற்றலையாற்றை மறித்து நீர்த்தேக்கம் கட்டும் திட்டத்துக்காக ஓயாது வாதாடினார். யுத்த காலம், பணமில்லை, சாமானில்லை என்று சொல்லத் தக்க சமயம். வேலை தொடங்கியது. அவர் 1943-ல் காலமானார். நீர்த்தேக்கம் 1944-ல் முடிவடைந்தது. இன்று அது அவருடைய பெயராலேயே வழங்குகிறது. சட்டசபைகளில் சிங்கம்போல் கர்ஜித்தவர் என்று அவரைக் கொண்டாடுவோர், குழாய்த் தண்ணீருக்காக நகர சபையில் மன்றாடியதையும் தேச சேவையென்றே கருத வேண்டும்.

இன்றைய குழாயும் கொசுவும்

இவ்வளவு நெடிய பிரயத்தனத்தின் பின்னும் இன்றைய நிலை என்ன? 2019-ம் வருஷம் கோடையில் பட்டணத்துக்கு நீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. பஞ்ச காலத்தை விட்டுவிடுவோம். நல்ல மழை பெய்த வருஷத்திலும், குழாயில் நாள் முழுவதும் நீர் ஓடுவதில்லை. குறித்த நேரத்தில் சிறிது வந்து நின்றுவிடுகிறது. இதை ஜனங்கள் ஓர் அசௌகரியமென்று மாத்திரம் எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது ஒரு நோய்க் காரணம்.

எப்படியெனில், நீரோட்டம் நின்றவுடன் குழாயின் உள்ளழுத்தம் தாழ்ந்துவிடுகிறது. பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் விரிசல் கண்டு கசியுமானால், அந்த அழுக்கு நீர்க்குழாயின் வெடிப்பு வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. மறுமுறை குழாய் திறக்கும்போது முதலில் வருவது அதுவே. வாந்தி பேதியும் டைபாய்டும் காமாலையும் இவ்வழியாக வீட்டுக்குள் வருகின்றன. இரண்டாவது தீங்கு இன்னும் நுட்பமானது. நாளைக்குத் தண்ணீர் வருமோ வராதோ என்று அஞ்சுகிறவள் குடத்திலும் அண்டாவிலும் பிளாஸ்டிக் பீப்பாயிலும் நிறைத்து வைக்கிறாள். டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. இப்படிச் சேமித்த தெளிந்த நீரையே நாடி முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் அம்முட்டை கொசுவாய்ப் பறக்கிறது. நகரங்களில் மலேரியாவைக் கொண்டுவரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவும் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்வது. வீடு வீடாய் வந்து பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, "ஜாக்கிரதையாய் இருங்கள்" என்று எச்சரிக்கும் சிப்பந்தியை நாம் குறை கூறவில்லை. ஆனால் குழாயில் நீர் நிச்சயமாக வருமென்ற நம்பிக்கை இல்லாத வரையில், பீப்பாயை யார்தான் வெறுமையாய் வைப்பார்கள்?

வசதியுள்ளவர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஆழ்துளைக் கிணறு. குடிப்பதற்குக் கேன் தண்ணீர். மேலும் தேவைப்பட்டால் லாரித் தண்ணீர். சுத்திகரிக்க ஓர் இயந்திரம். பொதுவில் கிடைக்க வேண்டிய சுகாதாரத்தைத் தனித்தனியே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டவுடன் பொதுக் குழாயைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்கத் தெரிந்தவன் கேட்பதை நிறுத்திவிட்டால், கேட்க முடியாதவனுடைய குழாய் என்ன ஆகும்? இதுவே நமது நகரத்தைப் பிடித்திருக்கும் மூல வியாதியென்று நாம் கருதுகிறோம்.

காற்றும் வெயிலும்

நீரையாவது விலைக்கு வாங்கலாம். காற்றை வாங்க முடியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வகுத்த வரம்பின்படி, நுரையீரலின் ஆழம்வரை சென்று ரத்தத்தில் கலக்கவல்ல நுண்துகள், வருஷ சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது. நமது தேசத்தில் 2009-ல் வகுத்த அளவு 40 மைக்ரோகிராம். அதாவது உலக வரம்பைப்போல் எட்டு மடங்கு தூசியைச் சுவாசித்தாலும் நமது சட்டத்தின் கண்ணுக்கு அது குற்றமன்று. சட்டம் மன்னித்துவிடலாம், நுரையீரல் மன்னிப்பதில்லை. இருதய நோயும் பக்கவாதமும் குழந்தைகளின் இழுப்பும் இதனால் அதிகரிக்கின்றன என்பது இன்று சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமான விஷயம்.

இந்தத் தூசியும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. வடசென்னையைப் பாருங்கள். எண்ணூரில் 1970-ல் வேலை தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரியை எரிக்கும் பெரிய நிலையங்கள் எழுந்தன. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. கொற்றலையாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவர்களின் ஜீவனத்தைக் கெடுத்தது. நகரத்தின் குப்பை 300 ஏக்கருக்கு மேற்பட்ட கொடுங்கையூர் மேட்டில் பல வருஷங்களாய்க் குவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதே மாதத்தில் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். தென்சென்னையில் விளக்கெரிகிறது, வடசென்னையில் இருமல் கேட்கிறது. நகரம் முழுவதற்கும் வேண்டிய மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும் ஒரு மூலையிலுள்ளவர்கள் மாத்திரம் தங்கள் சுவாசத்தை வரியாகச் செலுத்தி வருகிறார்கள்.

வெயிலின் கதையும் இவ்வாறே. கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் சூட்டை உண்டு இரவெல்லாம் கக்குகின்றன. மரமும் மண்ணும் ஏரியும் உள்ள இடத்தில் அஸ்தமனத்துக்குப் பின் பூமி குளிர்கிறது. அவையில்லாத இடத்தில் குளிர்வதில்லை. கடற்கரைப் பட்டணமாதலால் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலராமல் உடம்பின் உஷ்ணம் உள்ளேயே தங்குகிறது. பகலில் உழைத்தவன் இரவில் இளைப்பாற வேண்டும். தகரக் கூரையின் கீழோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ படுப்பவனுக்கு அது கிடைப்பதில்லை. தூக்கமின்மை அவனுடைய இருதயத்தையும் சிறுநீரகத்தையும் புத்தியையும் தின்கிறது. பக்கத்து மாடியில் குளிர்சாதனம் ஓடுகிறது. அது அறையின் சூட்டை எடுத்து வீதியில் தள்ளுகிறது. ஒருவனுடைய குளிர்ச்சி மற்றொருவனுடைய புழுக்கமாகிறது! 2024-ம் வருஷத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுக்க ஏற்பாடு செய்தது. நல்ல காரியமே. ஆனால் செத்த பிறகு கொடுக்கும் பணத்தைவிட, சாகாதபடி காக்கும் நிழல் மேலானது.

வீடும் க்ஷயமும்

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம். 1956-ல் சென்னையில் க்ஷயரோக மருந்தாராய்ச்சி நிலையம் ஒன்று ஸ்தாபிக்கப்பட்டது. ஆரோக்கிய விடுதியில் நல்ல உணவும் ஓய்வும் பெற்று மருந்துண்ட நோயாளிகளையும், நெருக்கடியான தம் ஏழை வீடுகளிலேயே இருந்து அதே மருந்தை உண்டவர்களையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலக வைத்தியர்களை வியக்கச் செய்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். அதன் பின் உலகெங்கும் க்ஷயரோக சிகிச்சையின் முறையே மாறிற்று. நமது நகரம் உலகுக்கு அளித்த பெருங்கொடைகளில் இது ஒன்று.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, குடிசையில் இருந்தால் என்ன, மருந்து போதுமே" என்று ஒருவர் வாதிக்கக்கூடும். மருந்து குணப்படுத்தும் என்பது மெய்; ஆனால் குணமான ஒருவனுக்குப் பதிலாக இருவரைப் படுக்கையில் கிடத்தும் வீட்டை மருந்து என்ன செய்யும்? க்ஷயக் கிருமி ஒருவனுடைய இருமலிலிருந்து கிளம்பிக் காற்றில் மிதப்பது. வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறையில் அது கலைந்து அழிகிறது. அடைத்த அறையில் பல மணி நேரம் தங்கி வீட்டாரைப் பற்றுகிறது. பம்பாய் நகரின் கிழக்குப் புறத்தில், குடிசைவாசிகளை எடுத்துக் குடியேற்றிய மாடிக் கட்டடங்களில் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. கட்டடங்களை மிக நெருக்கமாகக் கட்டியதால் கீழ்த்தளங்களில் சூரிய வெளிச்சமும் காற்றும் நுழையாமல், அங்கே க்ஷயரோகம் மிகுந்ததாக அது கண்டது. குடிசை போயிற்று, நோய் மாடியேறிற்று.

இந்தப் பாடத்தைச் சென்னை எவ்வளவு கற்றிருக்கிறது? 1970-ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, ஜனங்கள் இருந்த இடத்திலேயே அல்லது அதற்கு அருகிலேயே மாடி வீடுகளைக் கட்டித் தருவது பிரதான வழக்கமாயிருந்தது. 2000-ம் வருஷத்துக்குப் பிறகு அவ்வழக்கம் தளர்ந்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு ஓரத்தில் பெரிய குடியிருப்புகள் எழுந்தன. பெரும்பாக்கத்தில் மாத்திரம் 20,000 வீடுகளுக்கு மேல் திட்டமிடப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் இருந்தவர்கள் பெருந்தொகையாய் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள்.

ஆற்றங்கரையில் வெள்ள அபாயம் உண்டு, ஜனங்களை அப்புறப்படுத்தத்தான் வேண்டும் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கொண்டுபோய் வைத்த இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். 1960-களில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் அச்சதுப்பு, மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு தென்சென்னையைக் காத்து வந்தது. குப்பைமேடும் சாலைகளும் கம்பெனிகளின் மாளிகைகளும் அதைத் தின்றது போக மீதியை 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக ஏற்றார்கள். நீர் நிற்க வேண்டிய நிலத்தின் ஓரத்தில் மனிதரை நிறுத்தினால் நீர் எங்கே போகும்? 2015-லும் 2023-லும் அந்தப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. வெள்ளத்தினின்று காப்பாற்றுகிறோமென்று சொல்லி வெள்ளத்தின் வீட்டிலேயே குடிவைத்தால் அது எவ்வகைக் காப்பு?

மேலும் வீடு என்பது நான்கு சுவர் மாத்திரமன்று. நகரத்தின் நடுவில் வீட்டு வேலைக்கும் மூட்டை தூக்கவும் பூ விற்கவும் நடந்தே போய்வந்தவர்கள், 20 கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளப்பட்டபோது, கூலியில் ஒரு பங்கைப் பஸ்ஸுக்கும் நாளில் மூன்று நான்கு மணி நேரத்தை வழிக்கும் கொடுக்க நேர்ந்தது. பல பெண்கள் வேலையை விட்டார்கள். பிள்ளைகள் பள்ளி மாறினார்கள். சிலர் படிப்பையே நிறுத்தினார்கள். மின்தூக்கி நின்றால் மேல்மாடியில் உள்ள கிழவர் இறங்குவதில்லை. ஆபத்துக்கு உதவும் அண்டை வீட்டாரும் உறவினரும் திக்குக்கு ஒருவராய்ப் பிரிந்தார்கள். இவற்றால் உண்டாகும் மனத்தளர்ச்சியும் குடியும் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் சரியாய் ஏறுவதில்லை. குடும்பங்களின் முகத்தில் ஏறுகின்றன. மனத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள உறவு கற்பனையன்று. அமெரிக்க தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சஸ்திர சிகிச்சை பெற்றவர்களுள், ஜன்னலுக்கு வெளியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் எடுத்துக் காட்டினார். சில நாள் படுத்திருந்தவனுக்கே ஒரு மரம் இவ்வளவு செய்யுமானால், ஆயுள் முழுவதும் சுவரையே பார்ப்பவனுக்கு என்ன ஆகும்?

கெட்டிஸ் துரை சொன்னது

இவையெல்லாம் புதிய ஞானமல்ல. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் நமக்குச் சொல்லிப்போனார். கவர்னர் பெண்ட்லாண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-ல் அவர் இந்தியாவுக்கு வந்தபோது, நகர நிர்மாணத்தைப் பற்றிய அவருடைய பொருட்காட்சிச் சாமான்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். வேறு சாமான்களைச் சேகரித்து 1915-ல் சென்னையில் பொருட்காட்சியை நடத்தியே தீர்த்தார். தஞ்சை, மதுரை முதலிய நகரங்களைக் கால்நடையாய்ச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

சுகாதாரம் என்ற பெயரால் வீடுகளை இடித்து நேரான பெரிய வீதிகளை வெட்டுவதை அவர் கண்டித்தார். இடிக்கப்பட்ட வீட்டார் காற்றில் மறைந்துவிடுவதில்லை. பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கமாய் அடைவார்கள். நோய் இடம் பெயரும், ஒழியாது என்றார். அதற்குப் பதிலாக, பாழடைந்த ஒன்றிரண்டு வீட்டை மாத்திரம் அகற்றி, அந்த இடத்தில் சிறு முற்றமும் மரமும் கிணறும் அமைத்து, மீதியைப் பழுது பார்த்தால் போதும். செலவும் குறைவு, ஜனங்களுக்குக் கஷ்டமும் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். உறுப்பைக் காத்துக்கொண்டு புண்ணை மாத்திரம் அறுக்கும் சஸ்திர வைத்தியன் முறை அது. அன்னிய ஆட்சியின் இஞ்சினீயர்கள் அதை அலட்சியம் செய்தார்கள் என்றால் ஆச்சரியமில்லை. சொந்த ஆட்சியிலும் நாம் அலட்சியம் செய்யலாமா?

செய்ய வேண்டியது

இவற்றையெல்லாம் கேட்க வேண்டிய சபை நகர சபை. 1688-ல் ஏற்பட்ட நமது மாநகராட்சி இத்தேசத்தில் மிகப் பழமையானது என்று பெருமை பேசுகிறோம். அப்பழமையான ஸ்தாபனத்துக்கு 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை, தேர்தல் நடைபெறாமையால், ஜனப் பிரதிநிதிகளின் மன்றமே இல்லாதிருந்தது! ஐந்து வருஷத்துக்கு மேல் பட்டணம் அதிகாரிகளின் கையிலிருந்தது. அதே காலத்தில்தான் ஆற்றங்கரைக் குடிகள் பெருந்தொகையாய் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அதே காலத்தில்தான் ஏரிகள் வறண்டன. அதே காலத்தில்தான் கொரோனா வந்தது. சட்டசபைத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனால் வானம் இடிந்ததுபோல் கூக்குரலிடும் நமது அரசியல்வாதிகள், நகர சபை ஐந்து வருஷம் இல்லாமற்போனதைப் பெரிதாய் எண்ணவில்லை. இது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

2022-ல் நகரங்களில் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் கூட்டுவதற்கு விதிகள் ஏற்பட்டன. அவற்றை உயிருள்ளவையாக்குவது ஜனங்களின் கையில் இருக்கிறது. தேசத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: பொதுக்கூட்ட மேடையை விட்டுச் சிறிது இறங்கி, உங்கள் வார்டுக்குள் செல்லுங்கள். டாக்டர் ஸ்நோ செய்ததை நீங்களும் செய்யுங்கள். எந்தத் தெருவில் டெங்கு, எந்த மாடியில் க்ஷயம், எந்தக் குழாயில் சாக்கடை நாற்றம் என்று படம் வரையுங்கள். வார்டுவாரியாக மாதந்தோறும் நோய்க் கணக்கையும் மரணக் கணக்கையும் எல்லோரும் காணுமாறு ஒட்டும்படி கவுன்சிலரைக் கேளுங்கள். குழாயில் இடைவிடாத நீரோட்டம், ஏழைகளின் வார்டுகளிலிருந்து தொடங்கட்டும். வேலை செய்யும் இடத்துக்கு அருகில் மாற்று வீடு தராமல் ஒருவரையும் எழுப்பலாகாதென்று வற்புறுத்துங்கள். கட்டும் வீட்டில் கீழ்த்தளத்துக்கும் வெயில் எட்டுகிறதா என்று பார்த்துச் சம்மதியுங்கள். ஏற்கெனவே புகையைத் தின்னும் எண்ணூருக்கு இன்னொரு புகைக்கூண்டை ஒப்பாதீர்கள். எஞ்சியுள்ள ஏரியையும் சதுப்பையும் ஒரு சதுர அடிகூட விட்டுக்கொடாதீர்கள்.

வசதியுள்ளோருக்கும் ஒரு வார்த்தை. கேன் தண்ணீரும் குளிர்சாதனமும் உங்களை எவ்வளவு தூரம் காக்கும்? ஏழையின் பீப்பாயில் பிறந்த கொசு உங்கள் வீட்டு எண்ணைப் பார்த்துக் கடிப்பதில்லை. உங்கள் வீட்டில் சமைப்பவளும் உங்கள் வண்டியை ஓட்டுபவனும் இரவில் எந்தக் காற்றைச் சுவாசித்தார்களோ, அதே காற்றைக் காலையில் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். நகரத்தில் தனி ஆரோக்கியம் என்று ஒன்று கிடையாது. பூண்டியில் அணை கட்டிய தலைமுறை அதை அறிந்திருந்தது. அவ்வணையின் நீரைக் குடித்து வளர்ந்த நாம் மறக்கலாகாது.